கொத்தாத பாத்தியில் அகழெலி

மலேசியாவின் கேமரன் மலை ரிங்லெட்டில் இருக்கும் ஓர் அக்கா போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். "தம்பி, மூணு வருஷமா இந்தப் பாத்தியில மண்வெட்டியே படல. காகித அட்டை விரிச்சு, மேல எரு போட்டு, முள்ளங்கியும் கீரையும் போடுறேன். இப்ப நடுவுல நரம்பு புடைச்ச மாதிரி மண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது. பெருச்சாளியா?"

நேரில் போய்ப் பார்த்தேன். மேட்டில் விரலை வைத்ததும் மண் உள்ளே இறங்கிவிட்டது. அடியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுரங்கம். முள்ளங்கியின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது, ஆனால் ஒரு பல் தடமும் இல்லை. எலியாக இருந்தால் கிழங்கைக் கடித்திருக்கும். இது அகழெலி. பெயரில்தான் எலி, உறவெல்லாம் மூஞ்சூறோடு. வேர் தின்னாது. மண்புழுவும் பூச்சிப் புழுக்களும்தான் அதன் சாப்பாடு.

கொத்தாத பாத்திக்கு ஏன் வந்தது என்பதற்கு விடையும் அங்கேயே இருந்தது. மேல் எருவை ஒரு கை அள்ளினால் நாலைந்து மண்புழு நெளிகிறது. கொத்தும் நிலத்தில் புழுவும் குறையும், சுரங்கமும் இடியும். இங்கே இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

சரி, இருட்டுச் சுரங்கத்தில் அகழெலி புழுவைத் தேடி வரும்போது புழு என்ன செய்யும்? எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். அகழெலி மண்ணைக் கீறித் தள்ளும்போது மண் தாழ்ந்த சுருதியில் அதிர்கிறது. புழுவுக்குக் காது கிடையாது, உடம்பு முழுக்க அதிர்வை உணர்கிறது. உடனே மேல் நோக்கி ஓடித் தரைக்கு மேலேயே வந்துவிடுகிறது. பகலில் வெளியே வந்தால் வெயிலும் பறவையும் கொல்லும், ஆனாலும் வருகிறது. ஏனென்றால் அகழெலி மண்ணுக்குள் வேட்டையாடும் பிராணி, மேலே துரத்தி வருவது அரிது.

அமெரிக்காவின் புளோரிடாவில் தூண்டில் புழு பிடிப்பவர்கள் மரக்கட்டையைத் தரையில் அறைந்து, அதன் தலையில் இரும்புப் பட்டையை இழுத்துத் தேய்ப்பார்கள். கட்டை உறுமும், சுற்றிலும் புழுக்கள் மேலே வரும். 2008-இல் கென்னத் கட்டானியா என்ற விஞ்ஞானி அந்த உறுமலையும் அகழெலி தோண்டும் அதிர்வையும் பதிவு செய்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. மண் நிரப்பிய பெட்டியில் அகழெலியை விட்டபோதும் புழுக்கள் மேலே ஓடி வந்தன. டார்வின் 1881-லேயே இந்த ஊகத்தை எழுதியிருக்கிறார். அவர் தரையை அடித்துப் பார்த்தபோது ஒரு புழுகூட வரவில்லை! ஆனாலும் ஊகம் சரியானதுதான்.

கம்பு நட்டு, மேலே பாட்டில் காற்றாடி சுற்றவிட்டால் அகழெலி ஓடிவிடும் என்று சொல்கிறார்கள். வாழ்நாளெல்லாம் அதிரும் மண்ணுக்குள் இருக்கும் பிராணியை அது விரட்டும் என்று நான் நம்பவில்லை. காசு கொடுத்து அதிர்வுக் கருவி வாங்குவதும் வேண்டாம்.

அக்காவிடம் இன்னொன்றும் சொன்னேன். கேமரன் மலையில் இருப்பது தனி இனம். 1940-இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சேசன் என்ற விலங்கியலாளர் இதை முதலில் விவரித்தார், அப்போது துணையினமாக மட்டும். 2008-இல்தான் ஜப்பானிய ஆய்வாளர் கவாடாவும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தனி இனம் என்று நிறுவினார்கள். உலகில் இந்த மலையைத் தவிர வேறெங்கும் இது பதிவாகவில்லை. ரப்பருக்கும் செம்பனைக்கும் நாட்டில் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, வேண்டியதுதான். ஆனால் நம் தேயிலைச் சரிவில் மட்டும் வாழும் ஒரு பிராணியைப் பின்தொடர இங்குள்ள மாணவர்களுக்குச் சில ஆயிரம் வெள்ளி ஒதுக்கக் கூடாதா? பொறி வைப்பதற்கு முன் அதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அதனால் விஷமும் வேண்டாம், பொறியும் வேண்டாம். தூக்கிய மண்ணைக் காலால் மெல்ல அழுத்தித் தண்ணீர் ஊற்றினால் வேர் மறுபடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புதுப் பாத்தி போடும்போது முதலில் தரையில் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை விரித்து, அதன் ஓரங்களைப் பாத்தியைச் சுற்றியுள்ள பலகை வரை மடித்துவிட்டு, அப்புறம் அட்டையும் எருவும் போடலாம். அட்டை மட்டும் இருந்தால் ஈரத்தில் ஊறிக் கிழிந்துவிடும். பழைய பாத்தியில் வலை போடக் கிளற வேண்டி வரும், மூன்று வருட உழைப்பு வீணாகும்.

அக்கா அடுத்த பாத்திக்கு வலை வாங்கி வைத்துவிட்டார். பழைய பாத்தியில் தினமும் காலையில், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில், இறங்கி மேட்டை மிதித்துவிட்டு வருகிறார்.