மெட்டாலிகா ஆல்பத்தில் ஒலி நசுங்கியது எப்படி?

2008 செப்டம்பர் 12 அன்று அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் வெளியானது, அமெரிக்காவில் நேராக முதலிடம். ஐந்து வருஷம் காத்திருந்த ரசிகர்களுக்குப் பாடல்கள் பிடித்துவிட்டன. ஒலிதான் பிடிக்கவில்லை. டிரம் அடி ஒவ்வொன்றும் கரகரத்தது, கொஞ்ச நேரத்திலேயே காது சோர்ந்துபோனது. அதே நாளில் அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ 3’ என்ற, பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் வீடியோ விளையாட்டுக்கும் வந்திருந்தன, அதில் கரகரப்பு இல்லை! விளையாடுகிறவர் தப்பாக வாசித்தால் கிட்டார் மட்டும் நிற்க வேண்டும் என்பதால் அந்த விளையாட்டுக்குக் கருவிகளின் பதிவைத் தனித்தனியாகத்தான் கொடுக்க முடியும், அதனால் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கும் வேலை அதில் நடக்கவில்லை.

சிடியில் ஒலி என்பது வெறும் எண்கள்தான். நொடிக்கு 44,100 தடவை ஒலியலையின் உயரத்தை அளந்து வைத்திருப்பார்கள், மேலே 32,767, கீழே மைனஸ் 32,768, அதைத் தாண்ட வழியே கிடையாது. டிரம்மில் குச்சி விழும்போது அலை சில மில்லிநொடிக்குச் சட்டென்று எகிறி இறங்கும், அடியின் வேகம் நமக்கு உறைப்பதே அந்த எகிறலால்தான். மொத்த ஆல்பத்தையும் இன்னும் சத்தமாக்க நினைத்தால் முதலில் கூரையில் இடிப்பது இந்த உச்சிகள்தான், எனவே லிமிட்டர் என்ற, உச்சிகளைக் கட்டுப்படுத்தும் கருவியைப் போட்டு அவற்றை அமுக்கிவிட்டு மற்றதையெல்லாம் மேலே ஏற்றுவார்கள். அதையும் மீறி ஏற்றினால் கிளிப்பிங். வளைந்து இறங்க வேண்டிய அலையின் தலை சீவப்பட்டு, 32,767, 32,767, 32,767 என்று ஒரே எண் வரிசையாக நிற்கும். அப்படித் தட்டையாகும்போது, வாசித்தவர்கள் வாசிக்காத உயர் அதிர்வெண்கள் புதிதாக முளைக்கின்றன.

சரி, மெட்டல் கிட்டாரின் உறுமலே கிளிப்பிங்தானே? ஆமாம், ஆனால் அது நடக்கும் இடம் வேறு. ஆம்ப்ளிஃபயர் கிட்டாரின் அலையை மட்டும் சீவுகிறது, அப்புறம் அந்த ஒலி ஒரு பெரிய ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறது. கிட்டார் ஸ்பீக்கரால் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக ஒலிக்க முடியாது, அதனால் குத்தும் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடுகிறது. எல்லாக் கருவிகளும் குரலும் சேர்ந்த முழுக் கலவையையும் சீவும்போது இந்த வடிகட்டி இல்லை. போதாததற்கு டிரம், பேஸ், குரல் எல்லாம் ஒரே கூரையில் முட்டுவதால், அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் சுருதியோடு ஒட்டாத புது ஒலிகள் பிறக்கின்றன. கிட்டாருக்கு அழகு சேர்த்த அதே விஷயம் இங்கே மொத்தத்தையும் கெடுக்கிறது.

ஆல்பத்தை மாஸ்டர் செய்த, அதாவது கலவைக்குக் கடைசி மெருகு கொடுத்த டெட் ஜென்சன், கலவை தன்னிடம் வருவதற்கு முன்பே நசுக்கப்பட்டிருந்தது என்று எழுதிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. மறுபடி மாஸ்டர் செய்யச் சொல்லி 10,000 பேருக்கு மேல் கையெழுத்தும் போட்டார்கள்.

ஒலியை இப்படி நசுக்கத் தூண்டியது நம் காதுதான். சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலிகள் நமக்கு வேகமாக மங்கிவிடும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அதனால் ஒரே பாட்டை இரண்டு அளவில் கேட்டால் சத்தமானதுதான் நிறைவாகத் தோன்றும். ஆனால் வால்யூமை நாமே கூட்டிக்கொள்ளலாம், சீவப்பட்ட உச்சியை நம்மால் திரும்ப வைக்க முடியாது. என் கோபமெல்லாம் அதில்தான். இப்போது ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் சராசரிச் சத்தத்தை அளந்து, அதிகம் இருப்பதைத் தாமே குறைத்துவிடுகின்றன, ஆக நசுக்கிய பாட்டுக்கு அந்தப் பழைய ஆதாயமும் போய்விட்டது.

உங்களிடம் இருக்கும் சிடிகளையும் சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, கிளிப்பிங்கைக் காட்டும்படி வைத்தால், கூரையை முட்டிய இடமெல்லாம் சிவப்புக் கோடு விழும். அங்கங்கே ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, ஒவ்வொரு டிரம் அடியிலும் இருந்தால் அந்த ஆல்பத்தின் வேறு பதிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.