புல்வெளி பாணித் தோட்டம்: வேலை நடுவதற்கு முன்பே தொடங்குகிறது

"இயற்கையாக இருக்கணும், பராமரிப்பே வேண்டாம்." புல்லும் பூச்செடிகளும் கலந்து வளரும் புல்வெளி பாணித் தோட்டம் அமைத்துத் தரக் கேட்டு வருபவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கையில் சிகாகோவின் லூரி தோட்டப் படமோ, நியூயார்க்கில் பழைய ரயில் மேம்பாலத்தின் மீது அமைந்த ஹை லைன் பூங்காவின் படமோ இருக்கும். இரண்டிலும் எந்தச் செடி எங்கே என்று தீர்மானித்தவர் நெதர்லாந்துக்காரரான பீட் அவுடால்ஃப். தானாக முளைத்தது போலத் தெரிந்தாலும், அங்கே ஒவ்வொரு செடிக்கும் வரைபடத்தில் ஓர் இடம் உண்டு.

நான் முதலில் பார்ப்பது களையைத்தான். கோரையை இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தக் கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடி, அடுத்த கிழங்கு உருவாகும். இதன்மேல் அலங்காரப் புல்லை நட்டால் அப்புறம் எது களை, எது செடி என்று பிரிக்கவே முடியாது. ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தாலும் பரவாயில்லை, மண்ணைச் சுத்தம் செய்துவிட்டு நடுங்கள்.

உரம் வேண்டாம். கொழுத்த மண்ணில் இந்தச் செடிகள் மளமளவென உயர்ந்து, ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். வீரியமான இரண்டு மூன்று வகைகள் மற்றவற்றை அமுக்கிவிடும். வட அமெரிக்காவின் பிரெய்ரி எனும் இயற்கைப் புல்வெளியில் வளரும் பிக் புளூஸ்டெம் புல் 2 மீட்டருக்கும் கீழே வேர் விடக்கூடியது. அதனால் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள், பிறகு மெல்ல மெல்லக் குறையுங்கள்.

நடும்போது புல்தான் அடித்தளம், பூச்செடிகள் அதனூடே சிறு கூட்டங்களாக வர வேண்டும். சதுர மீட்டருக்கு 6 முதல் 9 செடிகள் வரை வைத்தால் வெற்று மண் சீக்கிரம் மூடிவிடும். முதல் இரண்டு வருடம் களையெடுப்பு இருக்கவே செய்யும். பூ முடிந்த காய்ந்த தண்டுகளை உடனே வெட்டாதீர்கள். பறவைகளுக்கு அதில் விதை இருக்கிறது, பூச்சிகளுக்கு இடம் இருக்கிறது. புதுத்தளிர் வருவதற்குச் சற்று முன் வெட்டினால் போதும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. படத்தில் பார்த்த அதே புல்லை எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பென்னிசெட்டம் செட்டேசியம் என்ற புல் அழகுக்காகவே பல இடங்களுக்குப் போனது. ஹவாயில் அது காட்டுக்குள் பரவி, காய்ந்து, தீக்கு எரிபொருளாகிறது. அமைப்பைத் தாராளமாகப் பின்பற்றலாம், செடிப்பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் பகுதியின் சொந்தப் புற்களில் கொத்தாக வளர்பவை எவை என்று தேடுங்கள். வெளியிலிருந்து எதை வாங்கினாலும், விதை விழுந்து பரவுமா என்று நர்சரியில் முதலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தச் செடி வேண்டாம்.