போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரங்களின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிவதுதான் அது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் இன்ஜினின் உள்சுவரிலும் இதேதான் நடக்கும். உலோகம் கடத்தும் அளவுக்கு இந்தப் பொருக்கு வெப்பத்தைக் கடத்தாது. அதனால் தண்ணீர் நிறைய இருந்தும் இன்ஜின் கொதிக்கும். உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு வேறு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க அதில் கலக்கும் திரவம்தான் கூலன்ட்; நம் ஊரில் தண்ணீர் உறையாதே, அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸ். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் அது இன்னும் ஏறும். அதைவிட முக்கியம், அரிப்பைத் தடுக்க கூலன்ட்டில் சேர்த்திருக்கும் பொருட்கள். அவை நாளடைவில் தீர்ந்துபோகும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல், வண்டியின் கையேட்டில் உள்ள கால அளவையும் கூலன்ட் வகையையும் பின்பற்றுங்கள்.

கூலன்ட்டை மாற்றும்போது, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்கவேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தம் சட்டென விலகி, நீர் ஆவியாகச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து பழையதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி இன்ஜினை ஓடவிடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உள்ள தெர்மோஸ்டாட் என்ற வால்வு, பொதுவாக 80 முதல் 90 டிகிரிக்குள்தான் திறக்கும். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டர் பக்கம் வராது. மேல் ஹோஸ் நன்றாகச் சூடானால் வால்வு திறந்துவிட்டது என்று பொருள். காரில் ஹீட்டர் இருந்தால் அதையும் முழுச் சூட்டில் வையுங்கள். அப்புறம் ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யவேண்டும்.

எவ்வளவு வடித்தாலும் இன்ஜின் பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், தண்ணீர் கலக்காத அடர் கூலன்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவது சரி. அடைபட்ட காற்றையும் கையேட்டில் சொன்னபடி வெளியேற்றுங்கள்.

வடித்ததைத் தயவுசெய்து வாய்க்காலில் விடாதீர்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். நாயோ ஆடோ நக்கினால் உடலுக்குள் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கேனில் அடைத்து, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பழைய கூலன்ட் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் கூலன்ட் டேங்கில் மட்டத்தைப் பாருங்கள். காற்று வெளியேறிய இடத்தை நிரப்ப மட்டம் இறங்கியிருந்தால் அதே கலவையை ஊற்றிச் சரிசெய்யுங்கள்.