அவர் மனத்தில் என்ன இருக்கிறது: ஊகிப்பதா, கேட்பதா?

1990-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக எளிய சோதனை ஒன்றைச் செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே, அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை வெறும் 3.

தட்டுகிறவருக்கு மெட்டு, வரிகள், வாத்தியம் எல்லாம் உள்ளே கேட்கிறது. எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது டொக் டொக் மட்டும்தான். தனக்குள் ஓடும் பாட்டைக் கழித்துவிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பார்க்கத் தட்டுகிறவரால் முடிவதில்லை. தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாதவராக இருந்து யோசிப்பது மூளைக்கு அவ்வளவு சிரமமான வேலை. வேலையிடத்தில் இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போதும் பெரும்பாலும் அடியில் ஓடுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒருவர் மென்பொருள் எழுதுகிறார், இன்னொருவர் அதைச் சோதித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலை 6 மணிக்கு, சோதிப்பவரிடமிருந்து 20 பிழைகள் கொண்ட பட்டியல் வருகிறது. எழுதியவருக்குக் கோபம் வருகிறது. “வேண்டுமென்றே கடைசி நேரத்தில் தருகிறார்” என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் சோதிப்பவர் கைக்கு அந்த மென்பொருள் வந்து சேர்ந்ததே அன்று காலையில்தான். நாள் முழுக்க எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருக்கும் கோபம். “பொறுப்பில்லாமல் கடைசி நாளில் தள்ளிவிடுகிறார்” என்று அவர் நினைக்கிறார்.

நாம் செய்ததற்கான காரணம் நமக்கு உள்ளிருந்து தெரியும்; அடுத்தவர் செய்ததில் செயல் மட்டும்தான் தெரியும். அதனால் நம் தாமதத்துக்குச் சூழ்நிலை காரணம், அவர் தாமதத்துக்கு அவர் குணம் காரணம் என்று ஆகிவிடுகிறது. உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் இந்தச் சாய்வை ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று குறிப்பிட்டார். 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழு அளவைத் தாண்டியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தான் பட்ட பாடு சட்டென்று நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் பட்டது வருவதில்லை, அவ்வளவுதான்.

சரி, இதற்கு மருந்து என்ன? வேலையிடத் தகராறுகளைத் தீர்க்கக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகத் தரப்படுவது ஒன்றுதான்: அவர் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். கேட்பதற்கு நல்ல அறிவுரை. ஆனால் தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி ஆகிய மூவரும் இதை 25 சோதனைகளில் பரிசோதித்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, சிரிப்பு உண்மையா நடிப்பா என்று பிரிப்பது, தன் வாழ்க்கைத் துணைக்கு எது பிடிக்கும் என்று ஊகிப்பது என்று பலவிதமான சோதனைகள். அடுத்தவர் நிலையில் தன்னை வைத்து யோசித்தவர்களின் கணிப்பு, அப்படி யோசிக்காதவர்களின் கணிப்பைவிடத் துல்லியமாக இல்லை. சில சோதனைகளில் கொஞ்சம் மோசமாகக்கூட ஆனது. துல்லியம் கூடியது ஒரே ஒரு வழியில்தான். முன்கூட்டியே அந்த நபரிடமே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் கூடியது.

யோசித்தால் இதில் வியப்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவர் நிலையைக் கற்பனை செய்யும்போது, புதிய தகவல் எதுவும் உள்ளே வருவதில்லை. இருக்கும் தகவலை வைத்தே அவரை உருவாக்குகிறோம். மேலே சொன்ன மென்பொருள்காரர் எவ்வளவு நேரம் கற்பனை செய்தாலும், ‘காலையில்தான் கைக்கு வந்தது’ என்ற செய்தி அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. இரக்கம் கூடலாம், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தால் மட்டும் தகராறு தீராது, தகவலும் வேண்டும்.

அதைப் பெற ஒரு பழைய வழி இருக்கிறது. உளவியல் ஆலோசனைத் துறையின் முன்னோடியான கார்ல் ராஜர்ஸ் 1950-களின் தொடக்கத்தில் முன்வைத்தது. வாக்குவாதம் சூடாகும்போது நிறுத்துங்கள். முன்பு பேசியவரின் கருத்தையும் உணர்வையும் அவரே ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் பக்கத்தைப் பேசலாம் என்றார். ஒரு வரியில் சொல்லிவிடலாம், செய்வது மிகக் கடினம்.

மேலே சொன்ன மென்பொருள்காரரையும் சோதிப்பவரையுமே எடுத்துக்கொள்வோம். சோதிப்பவர் தன் பக்கத்தைச் சொல்லி முடிக்கிறார். எழுதியவர் திருப்பிச் சொல்கிறார்: “உங்களுக்கு வேகமா சோதிக்க முடியல, அதனால நேரம் கூட வேணும்னு சொல்றீங்க.” அவர், “இல்லங்க, நான் அதைச் சொல்லல” என்கிறார். முதல் முயற்சியில் நம் தீர்ப்பு இப்படித்தான் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பேசுகிறவருக்கு அது தெரியாது. கேட்கிறவருக்கு உடனே உறைக்கும். மறுபடி முயற்சி: “காலைல கைக்கு வந்ததை அன்னிக்கே முடிக்க வேண்டியிருந்தது. பட்டியல் தாமதம்னு நான் சத்தம் போட்டது உங்களுக்கு நியாயமா படல. சரியா?” அவர், “ஆமா. அதோட, எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சா மத்த வேலையை நகர்த்தி வெச்சிருப்பேன்” என்கிறார்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இதுவரை வெளியே வராத தகவல் அது. தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்ததும், தற்காப்புக்காகப் பிடித்து வைத்திருந்ததை மனிதர்கள் விடுகிறார்கள். கேட்கிறவருக்கும் ஒரு மாற்றம் நடக்கிறது. திருப்பிச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே, பதிலைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். திருப்பிச் சொல்வது ஒப்புக்கொள்வது ஆகாது என்பதைப் பயிற்றுநர் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பலர் வாயைத் திறக்கவே தயங்குவார்கள்.

இப்படி வெளிவரும் தகவலால் என்ன பயன் என்பதை மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-லேயே விளக்கியிருக்கிறார். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு அது மூடியிருக்க வேண்டும். யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். இது பாதி ஜன்னலைத் திறக்கும் சமரசம் அல்ல. அவருக்கு வேண்டியது அறைக்குள் காற்று; இவருக்கு வேண்டாதது தன்மேல் நேராக அடிக்கும் வடகாற்று. ‘திற’, ‘மூடு’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்த இரண்டாவது ஜன்னல் கண்ணில் பட்டிருக்காது. மென்பொருள்காரர்கள் கதையிலும் அப்படித்தான்: பட்டியல் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற சண்டை, எப்போது ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற பேச்சாக மாறுகிறது.

அப்படியானால் எதிராளியைப் பற்றி யோசிப்பதே வீணா? இல்லை. ஆடம் கலின்ஸ்கியும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட பேரச் சோதனைகளில், விலையை மட்டும் வைத்துப் பேசினால் ஒப்பந்தம் சாத்தியமே இல்லாத ஒரு விற்பனையைக் கொடுத்தார்கள். எதிராளி என்ன நினைக்கிறார், அவருக்கு என்ன தேவை என்று யோசிக்கச் சொல்லப்பட்டவர்கள் மறைந்திருந்த வழியை அதிகம் கண்டுபிடித்தார்கள். அவர் என்ன உணர்கிறார் என்று மட்டும் யோசித்தவர்கள் அந்த அளவுக்குக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. யோசனை அங்கே கேள்வியாக மாற வழி இருந்தது.

எல்லாத் தகராறுக்கும் இது பொருந்தாது. மிரட்டல், பாலியல் சீண்டல், சாதி மதம் சொல்லி இழிவுபடுத்துவது போன்ற புகார்களில் பாதிக்கப்பட்டவரிடம் ‘அவர் பக்கத்தையும் யோசியுங்கள்’ என்று சொல்வது கொடுமை. அது பயிற்சி வகுப்புக்கான விஷயம் அல்ல, விசாரணைக்கான விஷயம்.

பொருந்தும் இடங்களிலும், ஒருநாள் வகுப்போடு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. செய்து காட்டிப் பழக்கும் பயிற்சிகளைப் பற்றிய 117 ஆய்வுகளைப் பால் டெய்லர், டார்லின் ரஸ்-எஃப்ட், டேனியல் சான் ஆகியோர் 2005-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றது வேலையிடத்துக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தது எப்போது என்று அதில் தெரிகிறது. சரியாகச் செய்வதோடு தவறாகச் செய்வதையும் காட்டியபோது, பயிற்றுநர் கொண்டுவந்த கதைக்குப் பதிலாகப் பங்கேற்பாளர்கள் தங்கள் சொந்தச் சூழ்நிலையைச் சொல்லிப் பழகியபோது, அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் அதே பயிற்சி தரப்பட்டபோது.

நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது கடைசி நிபந்தனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே உள்ளவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு மேலே உள்ளவர்கள் அறையில் இருந்துவிடுகிறார்கள். மறுநாள் கூட்டத்தில் ஒருவர் “நீங்க சொல்றது இதுதானே?” என்று திருப்பிச் சொல்லத் தொடங்கினால், “நேரமில்ல, விஷயத்துக்கு வாங்க” என்று மேலாளர் வெட்டிவிடுகிறார். இந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறவர்கள் பங்கேற்பாளர் பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர் அந்த மேலாளருடையது.