ரயில் நின்ற இடத்தில் தெருவுக்கு இறங்கிய டிராம்

1900 பிப்ரவரி 14. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினின் ஹார்கோர்ட் தெரு நிலையத்துக்குள் மாடுகளை ஏற்றி வந்த ரயில் ஒன்று நிற்கவில்லை. எஞ்சின் கடைசிச் சுவரை உடைத்து, கீழே இருந்த தெருவுக்கு மேல் பாதி உடலை நீட்டிக்கொண்டு தொங்கியது. தண்டவாளம் தெருவைவிட அவ்வளவு உயரத்தில் முடிந்திருந்தது.

1958 இறுதியில் மூடப்பட்ட அந்தப் பாதையில்தான் 2004 ஜூனில் ‘லுவாஸ்’ டிராம் ஓடத் தொடங்கியது. பழைய தண்டவாளம் எதுவும் அதற்குப் பயன்படவில்லை. அயர்லாந்து ரயில் பாதையின் அகலம் 1,600 மி.மீ; டிராமுக்கு 1,435 மி.மீ. வழியிலுள்ள மில்டவுன் பகுதியின் ஒன்பது வளைவுப் பாலமும், வீடுகளுக்கு நடுவே நகரம் வரை வரும் நீண்ட நிலமும் மிஞ்சியிருந்தன. எனக்குப் புதையலாகத் தெரிவது அந்த நிலம்தான். இன்று அப்படியொரு வழியைப் புதிதாக வெட்ட எத்தனை வீடுகளை இடிக்க வேண்டியிருக்கும்!

ஆனால் அந்த வழி தெருவுக்கு இறங்காது. ரயில் வளைய நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரம் வேண்டும். டிராமோ சிறு பெட்டிகளை மூட்டுப்போட்டு இணைத்த வண்டி. சுமார் 25 மீட்டர் ஆரத்திலேயே திரும்பிவிடும். பெரும்பாலான சக்கரங்களை மோட்டார்கள் சுழற்றுவதால், 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சரிவும் அதற்குச் சாதாரணம். அவசரத்தில் சக்கரங்களுக்கிடையே தொங்கும் மின்காந்தக் கட்டைகள் இறங்கித் தண்டவாளத்தையே கவ்விக்கொள்ளும். அதனால்தான் ஓட்டுநர் கண்ணால் பார்த்தே தெருவில் வண்டியை நடத்த முடிகிறது.

தெருவுக்குள் வந்ததும் வேறொரு சிக்கல். மேல்கம்பியிலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் மோட்டாருக்குள் போய், தண்டவாளம் வழியாகத் துணைமின்நிலையத்துக்குத் திரும்புகிறது. ஜல்லிமேல் கிடக்கும் தண்டவாளத்திலிருந்து கசிவு குறைவு. சாலைக்குள் புதைத்தாலோ ஒரு பகுதி ஈரமண்ணில் இறங்கி, பக்கத்திலுள்ள இரும்புக் குடிநீர்க் குழாயில் ஏறிக்கொள்ளும். குழாயைவிட்டு அது மண்ணுக்குத் திரும்பும் இடத்தில் இரும்பும் கூடவே கரைந்து போகும். மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. ஒருநாள் குழாய் ஓட்டையாகும். ஆகவே புதைக்கும் தண்டவாளத்தின் அடியையும் பக்கங்களையும் ரப்பர் போன்ற உறையால் மூடுகிறார்கள். சக்கரத்தின் விளிம்பு ஓட மேலே ஒரு பள்ளம் மட்டும் திறந்திருக்கும். சைக்கிள் சக்கரம் சிக்கிவிடக் கூடாது என்பதால் அதையும் முடிந்தவரை ஒடுக்கமாக வைக்கிறார்கள். டிராம் சக்கர விளிம்பும் அதற்கேற்ப மெலிந்துவிடுகிறது.

இன்று டிராம் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் பழைய தடத்தைவிட்டுச் சரிவில் இறங்குகிறது. மூடிய ஹார்கோர்ட் நிலையத்தின் தூண் வரிசைக்கு நேர் எதிரே அதன் நிறுத்தம். தெருவிலிருந்து ஒரு முழம்கூட உயரமில்லாத மேடை. சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகிறது.