லெவலிங் வால்வு: உயரம் வேறு, மட்டம் வேறு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ, காற்றுப்பைகளில் நிற்கும் எயார் சஸ்பென்ஷன் பஸ் ஒன்று ஒரு பக்கம் சரிந்து நின்றால், "லெவலிங் வால்வு போயிருச்சு" என்பதுதான் கராஜில் முதலில் வரும் பேச்சு. மோட்டார் வீடு, அதாவது உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்களும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நினைப்பது பெரும்பாலும் வேறொரு வேலையை. ஒரே பெயரில் இரண்டு வேலைகள் கிடப்பதால், பழுது ஒரு இடத்தில் இருக்க, கை வேறொரு இடத்தில் தேடுகிறது.

முதல் வேலை ஓடும்போது நடப்பது. வண்டியின் செசியில், அதாவது அடிச்சட்டத்தில், ஒரு வால்வு பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் லீவர், ஒரு தண்டு வழியாகச் சக்கர அச்சோடு இணைந்திருக்கும். ஆட்கள் ஏறிச் செசி தாழ்ந்தால் லீவர் மேலே தள்ளப்பட்டு, காற்றுத் தாங்கியிலிருந்து காற்று எயார் பேக்குக்குள் போகும். சுமை இறங்கிச் செசி உயர்ந்தால் லீவர் கீழே வந்து, மிகுதிக் காற்று வெளியேறும். வழக்கமாக மூன்று வால்வுகள்: முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இடமும் வலமுமாக இரண்டு. இந்த வால்வுக்கு அச்சுக்கும் செசிக்கும் இடையிலான தூரம் மட்டுமே தெரியும். றம்பொடை ஏற்றத்தில் நிறுத்தினால், வண்டி ஏற்றத்தோடு சரிந்தபடியே நிற்கும். அது பழுதல்ல.

இரண்டாவது வேலை நிறுத்திய பின் நடப்பது. மோட்டார் வீட்டில் படுக்கையும் அடுப்பும் சரிவில்லாமல் இருக்கவேண்டும். அதற்காக அந்த உயர வால்வுகளைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய மின்வால்வுகள் காற்றை ஏற்றியும் இறக்கியும் வண்டியின் உள்தரையைச் சமப்படுத்தும். எது தாழ்வு என்று சொல்வது ஒரு சாய்வுணரி.

ஆங்கிலத்தில் இரண்டையும் 'லெவல்' என்ற சொல்லே சுமக்கிறது. இலத்தீனில் 'லிப்ரா' தராசு; அதன் சிறுமை வடிவம் 'லிபெல்லா', கொத்தர் கையிலிருந்த மட்டக்கருவி. அது பழைய பிரெஞ்சில் 'லிவெல்' ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. கருவியின் பெயர், அது காட்டும் கிடைநிலைக்கும் பிறகு உயர அளவுக்கும் பரவிவிட்டது. 'வால்வு' இலத்தீன் 'வால்வா', அதாவது மடக்குக் கதவின் ஒரு பலகை. தமிழில் அடைப்பிதழ் என்று ஆக்கியவர்கள் அந்தப் பலகையை இதழாகக் கண்டிருக்கிறார்கள், நல்ல ஆக்கம். எனினும் கராஜில் வால்வு வால்வாகவே இருக்கட்டும். அது தமிழாகிவிட்டது.

லெவலுக்குத் தமிழ் 'மட்டம்' என்பதில் ஐயமில்லை. மேசன் பாஸ்மாரின் ரசமட்டமும் மட்டப்பலகையும் நாளாந்தம் புழங்குகின்றன. சிக்கல் என்னவென்றால் மட்டமும் இரண்டு பக்கமும் பேசும் சொல். ரசமட்டம் கிடைநிலையைக் காட்டுகிறது. நீர்மட்டம், கடல்மட்டம் என்னும்போது அதே சொல் உயரத்தைக் குறிக்கிறது. ஆகவே 'மட்ட வால்வு' என்று நேராக வைத்தால் பழைய குழப்பத்தைத் தமிழிலும் தொடர்ந்ததாகிவிடும். ஓடும்போது வேலை செய்வதை உயரங்காப்பு வால்வு என்றும், நிறுத்திய பின் சமப்படுத்தும் முழு அமைப்பை காற்று மட்டமாக்கி என்றும் பிரித்துச் சொல்வதே சரி. எயார் பேக்குக்குக் காற்றுவில் பொருந்தும். விபத்தில் விரியும் பையோடு அது குழம்பாது, விற்றராசு படித்த நம் பிள்ளைகளுக்கு 'வில்' புதிதும் அல்ல. மின்வால்வை வரிச்சுருள் வால்வு எனலாம்.

பொருளும் இதே வரிசையில்தான் வளர்ந்தது. வண்டிக்கான காற்றுவில்லுக்கு அமெரிக்காவில் 1901இலேயே காப்புரிமை பெறப்பட்டது. 1953இல் ஜெனரல் மோட்டர்ஸ் அதைத் தன் பஸ்களில் கொண்டுவந்தது. 1973 முதல் 1978 வரை வந்த ஜி.எம்.சி. மோட்டார் வீட்டின் பின்பகுதி காற்றுவில்லில் நின்றது.

பெயரைப் பிரித்தால் சோதனையும் பிரிந்துவிடும். கீழே போகுமுன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, செசிக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுக்கவேண்டும். காற்றில் மட்டும் நிற்கும் வண்டிக்கடியில் ஒருபோதும் தலை வைக்கக்கூடாது. ஒரு குழாய் கழன்றால் செசி நொடியில் இறங்கிவிடும்.

காற்றை முழு அழுத்தத்துக்கு, ஏறக்குறைய 120 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி எஞ்சினை நிறுத்துங்கள். மட்டமாக்கியை, உயரங்காப்பு வால்வுகள் துண்டிக்கப்படும் நிறுத்த நிலையில் வைத்து, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். தானியங்கித் திருத்தம் இருந்தால் அதை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் இரவில் அதுவே காற்றேற்றிக் கசிவை மறைத்துவிடும். காலையில் திரும்ப அளங்கள்.

நான்கும் ஒரே அளவாகச் சுமார் 1 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால் பதறவேண்டாம். நுவரெலியாவில் மாலை 18 பாகையில் அடைத்த காற்று விடியலில் 6 பாகைக்குக் குளிர்ந்தால், சுமை மாறாததால் அழுத்தம் மாறாது, கனவளவுதான் 4 சதவீதம் சுருங்கும். 25 சென்ரிமீற்றர் உயரக் காற்றுவில்லில் அது 1 சென்ரிமீற்றர். ஒரு மூலை மட்டும் 3, 4 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் அது கசிவு: காற்றுவில், அதன் குழாய், அல்லது அந்தப் பக்கத்து வரிச்சுருள் வால்வு. சவர்க்கார நீரைத் தூரிகையால் பூசுங்கள். காற்றுவில் கீழே மடியும் இடம், குழாய் நட்டுகள், வால்வின் வெளியேற்று வாய் என்ற வரிசையில் பாருங்கள்.

அடுத்த இரவு இதே சோதனையை, உயரங்காப்பு வால்வுகள் இணைந்திருக்கும் ஓட்ட நிலையில் செய்யுங்கள். அப்போது மட்டும் இறங்கினால் குற்றம் உயரங்காப்பு வால்வின் பக்கம். அதன் வெளியேற்று வாயில் குமிழி வந்தால், உடனே வால்வை மாற்றவேண்டாம். தண்டைக் கழற்றி லீவரை நடுநிலையில் பிடியுங்கள். குமிழி நின்றால் தண்டின் நீளம் பிழை, நிற்காவிட்டால் உள்ளே கசிவு. லீவரை மேலே தள்ளியும் காற்று வராவிட்டால் 15 செக்கனாவது பொறுங்கள். வளைவிலும் குழியிலும் காற்று வீணாகாதபடி சில வால்வுகள் வேண்டுமென்றே தாமதிக்கும்.

வரிச்சுருள் வால்வுக்குக் காது போதும். 'டிக்' சத்தம் வந்தும் காற்று போகாவிட்டால் உள்ளே தண்ணீரோ துருவோ அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் செருகியில் வோல்ற்றளவை அளங்கள்: மின் வந்தால் சுருள் கருகியிருக்கிறது, வராவிட்டால் பியூஸ் அல்லது எர்த். மலைநாட்டில் தண்ணீர்தான் பெரிய எதிரி. பனிமூட்டக் காற்றை அமுக்கினால் ஈரம் தாங்கியில் படியும். தினமும் வடிப்பு வால்வைத் திறந்துவிடவேண்டும், காற்றின் ஈரத்தை எடுக்கும் உலர்த்திப் பெட்டியை உரிய காலத்தில் மாற்றவேண்டும். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொம்பிரசர் தாங்கியை நிரப்பக் கூடுதல் நேரம் எடுப்பதையும் பழுதாக எழுதிவிடாதீர்கள்.

மிகக் கெட்ட பிழை, சரிவான கராஜ் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, அது மட்டமாகத் தெரியும்வரை ஒரு பக்கத் தண்டின் நீளத்தை மாற்றுவது. 'லெவலிங்' என்ற பெயரை நம்பிச் செய்யும் வேலை இது. அந்த வண்டி சமதரைக்கு வந்ததும் மறுபக்கம் சாயும், டயர் ஒருபக்கம் தேயும், பின்னிரு வால்வுகளும் ஒன்றுக்கொன்று எதிராகக் காற்றைச் செலவழிக்கும். உயரமே மாறிவிட்டால், சக்கரங்களுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் சாஃப்டின் கோணமும் மாறி நடுக்கம் வரும். உயரங்காப்பு வால்வைச் சரிசெய்ய ரசமட்டம் வேண்டாம். சமதரையில், தயாரிப்பாளர் கொடுத்த அச்சு–செசி இடைவெளியை ரேப்பால் அளந்தால் போதும்.

ரசமட்டம் வேண்டியது சாய்வுணரிக்கு. அதை வண்டியின் உள்தரையில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். தரை சமமாக இருந்தும் தாழ்வைக் காட்டும் விளக்கு எரிந்தால், உணரியின் திருகாணிகளைத் திருத்தவேண்டும்.

மட்டமாக்கிக்கும் எல்லை உண்டு. முன்பக்கம் 8 சென்ரிமீற்றர் ஏறி, பின்பக்கம் 8 சென்ரிமீற்றர் இறங்கினாலும், 6 மீற்றர் சக்கர இடைவெளியில் அது 100க்கு 2.7 என்ற சரிவைத்தான் ஈடுசெய்யும். தேயிலை மலைச் சரிவில் அதற்குமேல் வேண்டுமானால், தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்குக் கீழே அகலமான பலகை வைத்து ஏற்றிவிட்டுத்தான் பொத்தானைத் தொடவேண்டும்.

உதிரிப்பாகம் கேட்கும்போது பெட்டியில் உள்ள ஆங்கிலப் பெயரையும் பாக இலக்கத்தையும் கொடுங்கள். வேலைப் புத்தகத்தில் மட்டும் 'பின் இடது உயரங்காப்பு வால்வு, தண்டு நீளம் பிழை' என்று தமிழில் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் நேராக அந்தத் தண்டிடம் போவார்.