ஆளுக்கு ஒரு பத்தி

ஆசிரியர் கேள்வி கேட்டதும் ஏழெட்டுக் கைகள் உயர்கின்றன. சிலர் பெஞ்சை விட்டே எழுந்துவிடுகிறார்கள். ஒருவனுக்கு வாய்ப்பு கிடைக்க, மற்றவர்கள் முகம் தொங்கிப்போகிறது. அவன் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், அதே முகங்களில் வெளிச்சம். கைகள் முன்னைவிட உயரமாக எழுகின்றன. பதில் தெரியாதவர்களோ ஆசிரியரின் கண்ணில் படாமல் குனிந்துகொள்கிறார்கள்.

இவர்களில் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. அடுத்தவன் சறுக்கினால்தான் எனக்கு வாய்ப்பு என்று ஆட்டத்தின் விதி இருக்கிறது, அவ்வளவுதான். ஒருவருடைய வெற்றி மற்றவருக்கு உதவுகிறதா, இடையூறாகிறதா என்பதைப் பொறுத்தே குழுவில் ஒத்துழைப்போ போட்டியோ உருவாகிறது என்று உளவியலாளர் மார்ட்டன் டாய்ச் 1949லேயே எழுதினார்.

1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளையின, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார்கள். எங்கும் அடிதடி. நிலைமையை ஆராய வந்த உளவியலாளர் எலியட் ஆரன்சன், வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தது இந்தக் கை உயர்த்தும் காட்சியைத்தான். அவர் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. பாடத்தைத் துண்டு போட்டார்.

பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை பாடம் என்று வைத்துக்கொள்வோம். அது ஆறு பத்திகளாகப் பிரியும். ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு பத்தி; மற்றவர் பத்தியைப் படிக்கக் கிடைக்காது. ஒரே பத்தியை வாங்கிய வெவ்வேறு குழுப் பிள்ளைகள் முதலில் தனியே கூடிப் பேசித் தெளிவார்கள். தயங்குகிற பிள்ளைக்கு இது ஒத்திகை மாதிரி. பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பித் தம் பங்கைச் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு முழுப் பாடத்திலும் உண்டு, மதிப்பெண் மட்டும் தனித்தனி. இந்தக் கடைசி விதி முக்கியம். குழுவுக்கெல்லாம் ஒரே மதிப்பெண் என்றால் ஒருத்தி எழுத, ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது குழுவேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஒரு குழுவில் ஆங்கிலம் தடுமாறும் மெக்சிக வம்சாவளிச் சிறுவன் இருந்தான். அவன் திக்கித் திணற, மற்றவர்கள் கேலி செய்தார்கள். மேற்பார்வையாளர் அதட்டவில்லை. கேலி செய்வதானால் செய்யுங்கள், ஆனால் அவன் பத்தியில் இருப்பதை அதனால் தெரிந்துகொள்ள முடியாது, தேர்வோ நெருங்குகிறது என்று மட்டும் சொன்னார். சில நாட்களில் பிள்ளைகள் அவனிடம் பக்குவமாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். கேட்கக் கேட்க அவன் பேச்சும் தெளிந்தது. இவன் ஒன்றும் மக்கு இல்லை என்பது அவர்களுக்கே புரிந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது இதன் வரிசை: முதலில் வந்தது தேவை, நட்பு அதன் பின்னால்தான் வந்தது.

இதை மந்திரக்கோலாக நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸில் நடத்தப்பட்டு 2022ல் வெளியான ஐந்து சோதனைகளில், இம்முறையால் கற்றல் சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை. மதிப்பெண்ணுக்காக இதைத் தொடங்கும் பள்ளி ஏமாறலாம்.

பிள்ளைகளை ஒருவருக்கொருவர் உதவ வைக்க, உதவினால் நட்சத்திரம் ஒட்டுவது என்ற சுலப வழியும் இருக்கிறதே என்று கேட்கலாம். 2008ல் ஃபீலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 20 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். கைக்கெட்டாத பொருளை எடுத்துக் கொடுத்ததற்குப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. வாய்ப்பாராட்டுப் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

பரிசே இல்லாத ஒரு சோதனை வான்கூவரில் நடந்து 2012ல் வெளியானது. 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதியினர் வாரம் மூன்று உதவிகள் செய்ய வேண்டும். மறுபாதியினர் மூன்று இடங்களுக்குப் போய்வர வேண்டும். நான்கு வாரம் கழித்து இரு தரப்பிலும் மகிழ்ச்சி கூடியிருந்தது. ஆனால், 'யாரோடு சேர்ந்து இருக்க விருப்பம்?' என்று கேட்டு வகுப்பினரைப் பெயர் குறிக்கச் சொன்னபோது, உதவி செய்த பிள்ளைகளின் பெயரைக் குறித்தவர்களின் எண்ணிக்கைதான் அதிகமாக உயர்ந்திருந்தது.